போடாத கட்டை

விமானம் பறப்பதற்காகவே செய்யப்பட்டது என்று நினைப்பவர்கள் பயணிகள் மட்டும்தான். விமான நிலையத்தில் வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும், அது நின்றால்தான் பிழைப்பு என்று. நின்றால்தான் எரிபொருள் ஊற்ற முடியும், குப்பை அள்ள முடியும், கழிவறையைக் காலி பண்ண முடியும், அதிகாரிகள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ள முடியும். ஆனால் அவ்வளவு பெரிய சாமானுக்குச் சும்மா நிற்கத் தெரியாது. பிரேக்கை விட்டால் காற்று தள்ளின பக்கம், தரை சரிந்த பக்கம், மெல்ல நடையைக் கட்டிவிடும். அதனால் அது வந்து நின்றதும் ஒரு ஆள் குனிந்தபடி ஓடிப்போய்ச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டையை அண்டக் கொடுத்துவிட்டு, மேலே கண்ணாடிக்குள் இருக்கும் விமானிக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவார். விமானியும் பதிலுக்கு விரலை உயர்த்தி, சூடான பிரேக் ஆறட்டும் என்று அதை விடுவித்துவிட்டு, பெட்டியை உருட்டிக்கொண்டு போய்விடுவார்.

அந்த ஆள்தான் நம்முடைய கட்டைக்காரர். தளத்தில் எல்லோருக்கும் கட்டைக்காரர், மனைவிக்கு 'என்னங்க', விமானங்களை இழுத்துத் தள்ளும் இழுவை வண்டியை ஓட்டுகிற மச்சானுக்கு 'மாமா'. வேலி ஓரமாக நிலையமே கட்டிக் கொடுத்த குடியிருப்பில் இரண்டு அறை வீடு. விமானம் ஏறும்போதெல்லாம் சமையலறைத் தட்டுகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும். மகளுக்கு அந்த வருடம் பெரிய பரீட்சை. காதில் பஞ்சை வைத்துக்கொண்டு சமையலறைத் தரையில் உட்கார்ந்து படிப்பாள், மின்விசிறி அங்கேதான் சரியாகச் சுற்றும் என்பதால்.

அந்த நிலையத்தில் வருடம் தவறாமல் பாதுகாப்பு வாரம் கொண்டாடுவார்கள். மற்ற வாரங்களில் பாதுகாப்பு என்ன ஆகும் என்று யாரும் கேட்டதில்லை. அந்த வருடம் கொண்டாட்டம் கொஞ்சம் தூக்கல். இயக்குநர் அந்த ஆண்டை 'விபத்தில்லா ஆண்டு' என்று அறிவித்திருந்தார். ஆண்டின் முதல் நாள் காலையிலேயே அறிவித்துவிட்டார், பிறகு எப்படி ஆகுமோ என்று.

தொடக்க விழா முக்கியப் பிரமுகர்களின் ஓய்வுக் கூடத்தில். கூடத்துக்கு ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. அதற்கு வெளியே விமானங்கள் நிற்கிற தளம். இயக்குநர் உயரம் கொஞ்சம் குறைவு, மைக் உயரம் கொஞ்சம் கூடுதல். மைக்கை இறக்கினால் இயக்குநரைக் குத்திக்காட்டின மாதிரி ஆகிவிடும். எனவே மேடை போடுவது என்று முடிவாயிற்று. தச்சர் வரவில்லை. விழா ஏற்பாட்டைக் கவனித்த விழிப்புணர்வு அதிகாரி, கழுத்தில் இதுவரை ஊதாத ஊதல் ஒன்றைத் தொங்கவிட்டபடி தளத்தைச் சுற்றி வந்தார். ஓரத்தில் மஞ்சள் வண்ணம் அடித்த கட்டைகள் வரிசையாகக் கிடந்தன.

"என்னய்யா இதெல்லாம்?"

"கட்டை சார். சக்கரத்துக்கு வைக்கிறது" என்றார் கட்டைக்காரர்.

"எல்லாம் ஒரே சைஸா இருக்கே! ஏத்துங்கப்பா வண்டியில."

"சார், இப்ப ஒரு விமானம் வருது சார்."

"வரட்டும். நாம என்ன வேணாம்னா சொன்னோம்?"

"வந்தா நிக்கணும்ல சார்."

விழிப்புணர்வு அதிகாரி அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "கட்டையால நிக்கிறதெல்லாம் அந்தக் காலம். விழிப்புணர்வால நிக்கணும். அதுக்குத்தானே ஒரு வாரத்தையே ஒதுக்கியிருக்கோம்?" என்றவர், வண்டியிலிருந்து ஒரு அறிவிப்புப் பலகையை உருவிக் கொடுத்தார். "இதைச் சக்கரத்துக்கு முன்னாடி வை."

கட்டைக்காரர் அதைத் தட்டிப் பார்த்தார். "அட்டை சார் இது."

"அட்டைதான். ஆனா கருத்து கனமானது."

அட்டையில் 'நில், கவனி, செல்' என்று சிவப்பில் எழுதியிருந்தது.

விமானம் வந்தது. நின்றது. பயணிகள் இறங்கினார்கள். கட்டைக்காரர் வழக்கம்போலக் குனிந்து ஓடி, சக்கரத்தின் முன்னால் அட்டையைச் சாய்த்து வைத்துவிட்டு நிமிர்ந்தார். கட்டைவிரலை உயர்த்தலாமா வேண்டாமா என்று அவர் கை பாதி வழியில் தயங்கி நின்றது. தயங்குகிற கையும் உயர்த்துகிற கையும் மேலிருந்து பார்த்தால் ஒன்றுபோலத்தான் தெரியும். விமானி பதிலுக்குத் தன் விரலைக் காட்டினார், பிரேக்கை விடுவித்தார், பெட்டியை உருட்டிக்கொண்டு போனார்.

இந்த இடத்தில் தளத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மழைத் தண்ணீர் வடிவதற்காக அது சற்றுச் சரிவாகக் கட்டப்பட்டிருந்தது. கட்டடத்தைப் பார்த்துச் சரிவாக. மழைக்காலத்தில் பிரமுகர்கள் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு ஓய்வெடுப்பார்கள்.

பின்பக்கமிருந்து ஒரு காற்று வந்தது. ஆளில்லாத விமானம் அட்டையின் மேல் ஏறி, ஒரு சத்தமும் இல்லாமல், ரொம்ப நாள் கழித்துச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறவர் மாதிரி நிதானமாகக் கட்டடத்தை நோக்கிப் புறப்பட்டது. கட்டைக்காரர் கத்திக்கொண்டே ஓடிப்போய் முன்சக்கரத்துக் கம்பியைப் பிடித்து இரண்டு கையாலும் தள்ளினார். ஒரு ஆள் ஒரு விமானத்தைத் தள்ளினால் என்ன ஆகுமோ அதுதான் ஆயிற்று.

உள்ளே இயக்குநர் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி, கம்பளம் போர்த்திய கட்டைகளின் மேல் நின்று பேசிக்கொண்டிருந்தார். "நான் இங்கே உறுதியாக நிற்கிறேன் என்றால், என் காலுக்குக் கீழே இருப்பது பாதுகாப்பு" என்றார். உண்மையில் அன்று அவர் சொன்னதில் அது ஒன்றுதான் சரி. "இந்த ஆண்டில் ஒரு விமானமும் நம்மை நெருங்க முடியாது!" என்று கையை ஓங்கினார். கூட்டம் மொத்தமாக எழுந்து நின்றது. தன் பேச்சுக்கு இப்படி ஒரு வரவேற்பை அவர் பார்த்ததில்லை. கூட்டம் ஓடத் தொடங்கியது. உணர்ச்சிவசப்பட்டுவிட்டார்கள் என்று நினைத்தார். கண்ணாடி உடைந்து கொட்டி, விமானத்தின் மூக்கு அவர் தோளுக்குப் பக்கத்தில் வந்து, விழாவுக்காக விமானம் போலச் செய்து வைத்திருந்த கேக்கை நசுக்கிவிட்டு நின்றது.

இயக்குநர் திரும்பிப் பார்த்தார். பெரிய பதவிக்கு வருகிறவர்களுக்குச் சமயத்தில் ஒன்று தோன்றும். அவருக்கும் தோன்றியது. மைக்கைப் பிடித்துச் சொன்னார்: "இது திட்டமிடப்பட்ட செயல்விளக்கம்."

நாலைந்து பேர் கை தட்டினார்கள். ஒருவருக்கும் கீறல்கூட இல்லை, கேக்கைத் தவிர.

*

விமானத்தின் சொந்தக்கார நிறுவனத்துக்குச் செயல்விளக்கத்தில் ஆர்வம் இல்லை. விமானத்தைத் திருப்பிக் கேட்டார்கள், காரணத்தையும் கேட்டார்கள். விசாரணைக் கமிட்டி போட வேண்டியதாயிற்று. விபத்தில்லா ஆண்டில் விபத்தை எப்படி விசாரிப்பது என்று ஒரு கூட்டம் போட்டு, அந்தச் சொல்லை யாரும் உச்சரிக்கக் கூடாது என்று தீர்மானித்தார்கள். விமானமும் கட்டடமும் சந்தித்திருக்கின்றன, அவ்வளவுதான். ஆகவே அது 'சந்திப்பு'.

கட்டைக்காரரின் பாஸைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். கூடவே ஒரு சேதி: விசாரணையில் குற்றம் உறுதியானால் வேலை போகும், வேலையோடு குடியிருப்பும் போகும்.

"பரீட்சை நேரத்துல புள்ளையைத் தூக்கிட்டு எங்க போறது?" என்றாள் மனைவி.

"நான் ஒண்ணும் பண்ணலையே. கட்டையை எடுத்துட்டுப் போனது அவங்க. நேராப் போய் உள்ளதைச் சொல்லிடறேன்."

மனைவி தையல் மெஷினை நிறுத்திவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "சொல்லுங்க சொல்லுங்க. நல்லா கேட்டுக்குவாங்க."

கமிட்டித் தலைவர் எப்போதோ ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து ஏதாவது ஒரு கமிட்டிக்குத் தலைவராகவே இருப்பதால் அவரை எல்லோரும் நிரந்தரம் என்பார்கள். அவருக்கு வலப்பக்கம் இயக்குநர், இடப்பக்கம் கட்டடப் பிரிவின் பொறியாளரம்மா, கதவோரம் விழிப்புணர்வு அதிகாரி.

"நீ யாரு?" என்றார் நிரந்தரம்.

"கட்டை வைக்கிறவன் சார்."

"அன்னைக்கு வச்சியா?"

"கட்டை இல்லீங்க சார். இயக்குநர் சார் நின்னாருல்ல, அந்த மேடைக்கு அடியில..."

"எங்க இருந்துச்சுன்னு கேக்கல. வச்சியா, வைக்கலையா?"

"அட்டை வச்சேன் சார். சார்தான் குடுத்தாரு" என்று கதவோரத்தைக் காட்டினார். விழிப்புணர்வு அதிகாரி தன் ஊதலைத் துடைக்கத் தொடங்கினார்.

"அட்டையில என்ன எழுதியிருந்துச்சு?"

"நில், கவனி, செல்னு சார்."

"விமானம் வந்து நின்னுச்சா?"

"நின்னுச்சு சார்."

"கொஞ்ச நேரம் நின்னுச்சா?"

"ஆமா சார், ஒரு அஞ்சு நிமிஷம்."

"அப்ப கவனிச்சிருக்கு. அப்புறம்?"

"போச்சு சார்."

நிரந்தரம் நாற்காலியில் சாய்ந்தார். "விமானம் அறிவிப்பை வரி பிசகாம கடைப்பிடிச்சிருக்கு. விமானத்து மேல தப்பே இல்ல."

பொறியாளரம்மா உடனே நிமிர்ந்து உட்கார்ந்தார். "கட்டடத்து மேலயும் இல்ல சார். கட்டின நாள்ல இருந்து ஒரு அடி இப்படி அப்படி நகர்ந்ததில்ல. நீங்க வேணா வந்து பாருங்க, இப்பவும் அங்கயேதான் நிக்குது."

"சரிவு கட்டடத்தைப் பார்த்து இருக்கே மேடம்" என்று கட்டைக்காரர் சொல்லிப் பார்த்தார்.

"சரிவு ஏதாவது ஒரு பக்கம் பார்க்கணுமில்லையா? ரன்வேயைப் பார்த்து வச்சா, தண்ணி அங்க போய்த் தேங்கும். விமானத்துக்கு ஆபத்து. பிரமுகருங்க காலைத் தூக்கிக்கலாம், விமானம் தூக்குமா?"

தூக்கும் என்றுதான் கட்டைக்காரர் நினைத்துக்கொண்டிருந்தார். ஆனால் கேட்டவர் பொறியாளர்.

இயக்குநர் தொண்டையைச் செருமினார். "ஆக, விமானம் நல்ல விமானம். கட்டடம் நல்ல கட்டடம். ரெண்டுக்கும் நடுவுல இருந்தது யாரு?"

எல்லோரும் கட்டைக்காரரைப் பார்த்தார்கள். அவரும் தனக்குப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

"ஆனாலும்" என்றார் நிரந்தரம், "நான் கண்ணால பார்க்காம யாரையும் குற்றவாளியாக்க மாட்டேன். நடந்தது அப்படியே திரும்ப நடக்கணும். என் முன்னாடி நடக்கணும்."

*

திரும்ப நடத்துவதில் முதல் சிக்கல் நுழைவாயிலில் வந்தது. பாஸ் இல்லாதவர் தளத்துக்குள் போக முடியாது என்றார் காவலர். கமிட்டிதான் பாஸைப் பிடுங்கியது, கமிட்டிதான் வரச் சொன்னது என்றார் கட்டைக்காரர். ஆளாகப் போனால்தானே பாஸ் வேண்டும், பொருளாகப் போகலாமே என்று விழிப்புணர்வு அதிகாரி வழி சொன்னார். 'சான்றுப் பொருள்' என்று எழுதிய சீட்டை மணிக்கட்டில் கட்டி, சாமான் வண்டியில் ஏற்றி, பெட்டிகளுக்கு நடுவில் உட்கார வைத்து உள்ளே கொண்டுபோனார்கள்.

இழுவை வண்டியில் எதிரே வந்த மச்சான் பார்த்துவிட்டுப் பிரேக் போட்டான். "மாமா! எந்த ஊருக்கு உங்களை ஏத்தறாங்க?"

"சும்மா இருடா. திரும்ப நடத்திக் காட்டணுமாம்."

"எதை?"

"நான் கட்டை போடாததை."

மச்சான் தளத்தின் பக்கம் எட்டிப் பார்த்தான். "அப்ப விமானம் திரும்ப நகருமே மாமா?"

"அதைத்தான் நானும் சொன்னேன். அது நகர்ந்தாத்தான் விசாரணை நகரும்ங்கறாங்க."

முதல் விமானம் இன்னும் கூடத்துக்குள் மூக்கை நுழைத்தபடியே நின்றது. அதை வெளியே இழுத்தால் செயல்விளக்கம் இல்லை என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். பிரமுகர்கள் மூக்கின் அடியில் உட்கார்ந்து டீ குடிக்கப் பழகியிருந்தார்கள். எனவே வேறொரு விமானத்தை அதே சரிவில் கொஞ்சம் தள்ளி நிறுத்தினார்கள். அதில் ஏற வேண்டிய பயணிகளிடம் பாதுகாப்புக் காரணங்களால் தாமதம் என்று அறிவித்தார்கள். புதிய அட்டை அச்சடித்து வந்திருந்தது. பழையதைவிடப் பெரியது, ஓரத்தில் நிரந்தரத்தின் படத்தோடு. கமிட்டி நன்றாகப் பார்க்க வேண்டும் என்பதற்காக நாற்காலிகளைச் சரிவின் கீழ்ப்பக்கம், விமானத்துக்கு நேர் எதிரே போட்டிருந்தார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு தீயணைப்பு வண்டி பக்கத்தில்.

"சார்" என்றார் கட்டைக்காரர், "மேடையைப் பிரிச்சா கட்டை கிடைச்சிரும் சார். சக்கரத்துக்குக் கொஞ்சம் தள்ளி ரெண்டு போட்டு வச்சிக்கிட்டா..."

"மேடையைப் பிரிக்க முடியாது. நிறைவு விழா அதுலதான்" என்றார் விழிப்புணர்வு அதிகாரி.

"அன்னைக்குத் தள்ளி ரெண்டு இருந்துச்சா?" என்றார் நிரந்தரம். "இல்லல்ல? அன்னைக்கு எப்படியோ அப்படித்தான். ம், ஆகட்டும். போடாத கட்டையைப் போடாம காட்டு."

கட்டைக்காரர் குனிந்து ஓடினார். வெறுங்கையோடு சக்கரத்தின் அருகே குந்தினார். அட்டையை வைத்தார். கட்டையைப் போடாமல் எழுந்தார்.

"இவ்வளவு வேகமாவா போடாம இருந்த?"

"ஆமா சார்."

"பார்க்கிறவங்களுக்குப் புரியணும்ல. மெதுவாப் போடாம இரு."

திரும்பப் போய் மெதுவாகப் போடாமல் வந்தார். இடது கையால் போடவில்லையா வலது கையால் போடவில்லையா என்று பொறியாளரம்மாவுக்குச் சந்தேகம் வந்தது. இரண்டு கையாலும் போடாமல் காட்டினார். இப்படிப் பல தடவை போடாமல் போடாமல் அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. இத்தனை வருடம் போட்டபோதுகூட அப்படி ஆனதில்லை.

கடைசியில் நிரந்தரம் திருப்தியாகித் தலையசைத்தார். மேலே பிரேக்கை விடுவித்தார்கள். காற்று வந்தது. விமானம் அட்டையில் இருந்த நிரந்தரத்தின் முகத்தில் ஏறி இறங்கி, நிஜ நிரந்தரத்தை நோக்கிப் புறப்பட்டது.

"அருமை!" என்று எழுந்தார் இயக்குநர். "அப்படியே அன்னைக்கு மாதிரியே வருது!"

"சார், ஓடுங்க சார்!" என்று கத்தினார் கட்டைக்காரர்.

"அன்னைக்கு இப்படித்தான் கத்தினியா?" என்று கேட்டார் நிரந்தரம், உட்கார்ந்தபடியே.

தீயணைப்பு வண்டிக்காரர் கொஞ்சம் மனிதத்தன்மை உள்ளவர். வண்டியைக் குறுக்கே விட்டார். விமானம் அதில் மோதி அதை ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு நின்றது. வருடக்கணக்காக வெளியே வர வாய்ப்பு கிடைக்காத நுரை மொத்தமும் ஒரே மூச்சில் கமிட்டியின் மேல் பாய்ந்தது. சற்று நேரத்துக்கு அங்கே நாற்காலிகளும் இல்லை, அதிகாரிகளும் இல்லை, ஒரு வெள்ளை மேடு மட்டும் இருந்தது. பிறகு அதன் நடுவில் ஒரு ஓட்டை விழுந்து நிரந்தரத்தின் வாய் தெரிந்தது.

"வெற்றி" என்றது அந்த வாய். "கட்டை போடலைன்னா விமானம் நகரும். நிரூபணமாயிடுச்சு."

*

இப்போது இரண்டு சந்திப்புகள். இரண்டையும் ஒன்றாக விசாரிக்க முடியாது, முதலாவதில் கட்டடம், இரண்டாவதில் தீயணைப்பு வண்டி. கமிட்டி தன்னைத் தானே விசாரிக்கவும் முடியாது. அதனால் நிரந்தரம் முதல் கமிட்டியிலிருந்து காலையில் விலகி, மதியம் இரண்டாவது கமிட்டிக்குத் தலைவரானார். அதே அறை, அதே நாற்காலி. காதோரம் மட்டும் கொஞ்சம் நுரை.

"முதல் சந்திப்பையாவது மன்னிச்சிரலாம்" என்றார். "அப்ப உனக்கு அனுபவம் இல்ல. கட்டை போடலைன்னா நகரும்னு தெரிஞ்சும் ரெண்டாவது தடவையும் போடாம விட்டியே, ஏன்?"

கட்டைக்காரர் ஒரு அடி முன்னால் வந்தார். "சார், நீங்கதானே போடாம காட்டச் சொன்னீங்க?"

"போடாம காட்டத்தான் சொன்னேன். போடாம விடச் சொன்னேனா?"

கமிட்டி அதை ரசித்தது. இயக்குநர் பேச எழுந்தார். "நான் மனசுவிட்டுச் சொல்றேன். எனக்கு யார் மேலயும் கோபம் இல்ல. விமான நிலையம்னா சந்திப்பு நடக்கும். ஆனா நான் பொறுப்பேத்த பிறகு நடந்த எல்லாச் சந்திப்பும் விமானம் நிக்கும்போது நடந்ததுதான். இதுக்கு முன்னாடி இருந்தவர் காலத்துல பறக்கும்போதே பிரச்சினை வந்திருக்கு. இப்ப எவ்வளவோ கீழ கொண்டுவந்திருக்கோம்." இதைச் சொல்லிவிட்டுக் கொஞ்சம் இடைவெளி விட்டார். விழிப்புணர்வு அதிகாரி கை தட்டினார்.

"சார், கட்டை மட்டும் குடுத்தீங்கன்னா..." என்றார் கட்டைக்காரர்.

"திரும்பத் திரும்ப அதையே சொல்லாதய்யா" என்று அலுத்துக்கொண்டார் நிரந்தரம். "நாங்க தேடறது காரணத்தை. நீ தேடறது கட்டையை."

இரண்டாவது சந்திப்பையும் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார். கண்ணால் பார்த்துக்கொண்டுதானே சார் இருந்தீர்கள் என்று கேட்கக் கட்டைக்காரருக்கு நாக்கு வரை வந்தது. பார்த்தது முதல் கமிட்டி என்று பதில் வரும் என்று அவருக்கு இப்போது தெரிந்திருந்தது. விசாரணையில் அவரும் கொஞ்சம் தேறிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது விமானம் வந்தது. இந்தத் தடவை மச்சான் இழுவை வண்டியைக் கொண்டுவந்து, "முன்னாடி கொக்கியை மட்டும் மாட்டிக்கிறேன் சார். நகர்ந்தா பிடிச்சுக்கும்" என்று கெஞ்சினான். அன்று கொக்கி இல்லை என்று விரட்டிவிட்டார்கள். படுத்துக் கிடந்த தீயணைப்பு வண்டியை நிமிர்த்தி, மறுபடி படுக்கத் தயாராக நிற்க வைத்தார்கள். ஆனால் காற்றுக்குக் கமிட்டியின் உத்தரவு போய்ச் சேரவில்லை. விமானம் தீயணைப்பு வண்டியை ஒதுக்கிவிட்டு, வளைந்து போய், முதல் விமானத்தின் வாலில் முட்டி, மூக்கு மட்டும் உள்ளே இருந்ததைத் தோள் வரைக்கும் கூடத்துக்குள் தள்ளியது. டீ குடித்துக்கொண்டிருந்த பிரமுகர்கள் கோப்பையோடு அடுத்த அறைக்கு எழுந்து போனார்கள். அவர்களுக்கும் பழகிவிட்டது.

இயக்குநர் அன்று மாலையே ஒரு அறிக்கை விட்டார்: விருந்தினர்கள் விமானத்தை மிக அருகில் கண்டு மகிழும் வசதி விரிவாக்கப்பட்டுள்ளது.

வெளியே பயணிகள் வரிசை வாசலைத் தாண்டி நின்றது. ஏறுவதற்கு விமானம் இல்லை. எல்லாம் சான்று.

*

மறுநாள் குடியிருப்புப் பிரிவிலிருந்து ஒரு ஆள் வந்து கதவு, ஜன்னல், குழாய் எல்லாவற்றையும் ஆட்டிப் பார்த்துவிட்டுப் போனான். அடுத்து வருகிறவருக்கு என்னென்ன சரி செய்ய வேண்டும் என்று பார்க்க வந்தானாம். மகள் காதிலிருந்து பஞ்சை எடுத்துவிட்டு, "அப்பா, பரீட்சை முடியற வரைக்குமாவது இருக்கலாமா?" என்று கேட்டாள். அவர் ஆடிக்கொண்டிருந்த குழாயை இறுக்கப் போனதும் பஞ்சைத் திரும்ப வைத்துக்கொண்டாள்.

மச்சான் வாசலில் நின்று அதிகாரிகளின் பிறப்பைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசினான். மனைவி அவனை அடக்கினாள்.

"நீ கத்தி என்ன ஆகப் போகுது? உங்க மாமாகிட்டச் சொல்லு. என்னங்க, நான் ஒண்ணு கேக்கறேன். அவங்க என்னதான் கேக்கறாங்க?"

"எனக்கு விழிப்புணர்வு இல்லன்னு நானே ஒத்துக்கணுமாம்."

"ஒத்துக்கிட்டா?"

"என்ன பண்ணுவாங்கன்னு சொல்ல மாட்டேங்கறாங்க. ஆனா ஒத்துக்காத வரைக்கும் திரும்பத் திரும்ப நடத்துவாங்களாம்."

"ஒத்துக்கிட்டுத் தொலைங்களேன்."

"கட்டை மேடைக்கு அடியில இருக்கு. ஊருக்கே தெரியும். நான் எதுக்கு இல்லாததை ஒத்துக்கணும்?"

"உண்மையைச் சொல்லி எத்தனை வீடு கட்டினீங்க? இருக்கிற இதுவும் அவங்க வீடு" என்றாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள். "நீங்க தப்புப் பண்ணலைன்னு எனக்குத் தெரியும். இவனுக்குத் தெரியும். இன்னும் யாருக்குத் தெரியணும்?"



*

கடைசி விசாரணை. மூன்றாவது கமிட்டி. தலைவர் யார் என்று சொல்லத் தேவையில்லை.

இயக்குநர் முதலில் பேசினார். "கட்டை மேல சில பேர் சந்தேகம் கிளப்பறாங்க. நான் அந்தக் கட்டை மேல நின்னு முக்கால் மணி நேரம் பேசியிருக்கேன். ஒரு அங்குலம் நகரல. கட்டை தரமானது. இதை விட ஒரு சோதனை வேணுமா?"

வேண்டாம் என்றது கமிட்டி.

விழிப்புணர்வு அதிகாரி எழுந்தார். "நான் பணிவா ஒண்ணு சுட்டிக்காட்டறேன். இந்த நிலையத்துல இயக்குநர் சார் கட்டை போடல. நான் போடல. மேடம் போடல. தலைவர் வாழ்நாள்ல ஒரு தடவைகூடப் போட்டதில்ல. எங்க யாராலயும் ஒரு விமானம்கூட நகரல. இவர் ஒருத்தர் போடலைன்னதும் மூணு நகர்ந்திருக்கு."

நிரந்தரம் இதைக் கேட்டுக் கண்ணையே திறந்துவிட்டார். "ஆக, வேலைன்னு ஒண்ணு இருக்கிறவன்தான் அதைச் செய்யாம விட முடியும்."

"அதேதான் சார்."

"கடைசியாக் கேக்கறேன்" என்று கட்டைக்காரர் பக்கம் திரும்பினார் நிரந்தரம். "உனக்கு விழிப்புணர்வு இருந்துச்சா, இல்லையா?"

கட்டைக்காரர் வாயைத் திறந்தார். 'கட்டை' என்கிற சொல் பழக்கத்தால் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. சமையலறைத் தரையில் மின்விசிறிக் காற்றில் தானாகப் புரளும் புத்தகமும், அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் கையும் கண்ணுக்குள் வந்து நின்றன. சொல்லை விழுங்கினார்.

"இல்லீங்க சார்" என்றார்.

அறையே மாறிப்போனது. இயக்குநர் புன்னகைத்தார். பொறியாளரம்மா அவருக்குத் தண்ணீர் தரச் சொன்னார். நிரந்தரம் எழுந்து வந்து தோளைத் தட்டினார். "முதல் நாளே இதைச் சொல்லியிருந்தா ரெண்டு விமானம் மிஞ்சியிருக்கும்ல?" என்றார், கனிவாக.

முடிவு மளமளவென்று வந்தது. காரணம்: விழிப்புணர்வுக் குறைவு. பரிகாரம்: இவருக்கு நிறைய விழிப்புணர்வு தர வேண்டும். நிறைய கிடைக்கும் இடம் விழிப்புணர்வுப் பிரிவு. ஆகவே இன்றிலிருந்து அந்தப் பிரிவில் உதவி அதிகாரி. தனி மேசை, நாற்காலி, ஊதல். தளத்தின் பக்கம் போகக் கூடாது. எந்தக் கட்டையையும் கையால் தொடக் கூடாது. மூன்று சந்திப்பிலும் கட்டை வைக்கிறவர் ஒருவர் பக்கத்தில் இருந்திருக்கிறார் என்பதால், கட்டை வைக்கிற வேலை இனி நிலையத்தில் கிடையாது.

கதவுக்கு வெளியே காத்திருந்த மச்சானுக்குப் பொறுக்கவில்லை. உள்ளே தலையை நீட்டினான். "அப்ப விமானத்தை எது சார் நிறுத்தும்?"

"அட்டை" என்றார் விழிப்புணர்வு அதிகாரி. "குறையைச் சரி பண்ணிட்டோம். இனி 'நில், கவனி'யோட நிறுத்திக்கிறோம். மூணாவது வார்த்தைதான் எல்லாத்துக்கும் காரணம்."

மச்சான் மாமாவைப் பார்த்தான். மாமா தன் புதிய ஊதலின் கயிற்றில் விழுந்திருந்த முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

*

கூடம் வழியாகப் போனால் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம். அவர் சுற்றுவழியாகப் போனார். மனைவி தையல் மெஷினை விட்டு எழுந்து வாசலிலேயே நின்றாள். கையில் அளவெடுக்கிற நாடா.

"என்ன ஆச்சு? வேலை இருக்கா, போச்சா?"

"வேலை போச்சு" என்றார். "உத்தியோகம் இருக்கு."

அவள் இதைக் கொஞ்ச நேரம் அளந்து பார்த்தாள். "வீடு?"

"இருக்கு."

"அப்ப சரி. சத்தம் போடாம வாங்க, அவ படிக்கிறா. கையைக் கழுவிட்டு உக்காருங்க."

கட்டைக்காரர் குழாயடிக்குப் போனார். வழக்கமாகச் சக்கரத்துக் கருப்பும் எண்ணெயும் போக அரைக் கட்டி சோப்பாவது கரையும். இன்று கையில் ஒரு பொட்டு அழுக்கில்லை. இருந்தாலும் சோப்பைப் போட்டு, தண்ணீர் தெளிவாக ஓடுவதைப் பார்த்தபடி, வெகுநேரம் தேய்த்துக்கொண்டிருந்தார்.